நெய்யும் கற்பூரமும் மலைமண்ணும்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். முதல் கட்டத்தில் புள்ளிகள் நெருக்கமாக, இரண்டாவதில் கொஞ்சம் தள்ளித் தள்ளி, மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. திடம், திரவம், வாயு. இரண்டு மதிப்பெண். முடிந்தது கதை.

இதில் அந்த நடுக்கட்டம் ஆளை ஏமாற்றும். திரவத்தில் துகள்கள் ஒன்றும் தள்ளித் தள்ளி நிற்பதில்லை. திடத்தைப் போலவே கிட்டத்தட்ட உரசிக்கொண்டுதான் இருக்கின்றன. திடத்தில் துகள் நின்ற இடத்திலேயே அதிரும். திரவத்தில் பக்கத்துத் துகளை விட்டு நழுவி இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். தேரோட்டக் கூட்டத்தில் நாம் நகர்கிறோமே, அப்படி. பெரிய தாவல் வாயுவில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் ஏறக்குறைய 1600 லிட்டர் இடம் கேட்கும்!

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். வேங்கிக்காலில் மொட்டைமாடிக்குப் போனால் மலை தெரியும். 2668 அடி. கார்த்திகை தீபத்தன்று அதன் உச்சியில், ஒரே கொப்பரையில், மூன்று நிலைகளும் கூடி வேலை செய்கின்றன. 3500 கிலோ நெய், 1000 மீட்டர் காடாத் துணி என்று செய்தித்தாள்களில் பல வருடங்களாகப் படித்திருப்பீர்கள். குளிர்கால நெய் மணல் மணலாக இருக்கும். நெய் ஒரே பொருள் அல்ல, பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் உருகுவதால் பாதி உறைந்தும் பாதி ஒழுகியும் கிடக்கிறது. உருகிய நெய் துணியின் நூலிடுக்குகளில் தானே மேலேறுகிறது. நுனியில் சூடு தாங்காமல் உடைந்து ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான்.

நம்பாதவர்கள் கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே தீ தாவிப் பிடிக்கும். 1860இல் லண்டனில் சிறுவர்களுக்கான சொற்பொழிவில் மைக்கேல் ஃபாரடே இதைத்தான் செய்து காட்டினார்.

கற்பூரம் இன்னும் அவசரக்காரர். நடுவில் திரவம் என்ற பேச்சே இல்லாமல் டப்பாவுக்குள்ளேயே இளைத்துப் போவார். நாலு மிளகு போட்டு வைத்தால் கரையாது என்பார்கள் பாட்டிமார்கள். மிளகைவிட இறுக்கமான மூடிதான் வேலை செய்கிறது என்பது என் கட்சி. மூடிய டப்பாவில் கிளம்பும் துகள்களுக்குச் சமமாகத் திரும்பும் துகள்களும் வந்துவிடும் அல்லவா?

இனி, மூன்று கட்டங்களிலும் அடங்காத ஒன்று. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

பாறை உருகவில்லை. ஒரு மூலக்கூறுகூட நிலை மாறவில்லை. அப்புறம் எப்படி ஒரு சரிவு தண்ணீர் மாதிரி ஓடி வரும்? காய்ந்த மண்ணில் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து நிற்கின்றன. லேசான ஈரம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், மணல்வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் அதே தண்ணீர் மணிகளை விலக்கித் தள்ளுகிறது. உராய்வு குறைகிறது. அதுவரை திடமாக நின்றது ஓடத் தொடங்குகிறது. மணி ஒவ்வொன்றும் திடம், மொத்தக் கூட்டம் திரவம்! இதற்கு நாலாவதாக ஒரு கட்டம் போட்டால் என்ன? மலையடிவாரத்துப் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்திலாவது போடலாம்.

அந்த மாதம் 13ஆம் தேதி தீபம் ஏற்றப்பட்டது. நிபுணர்கள் வந்து மலையைப் பார்த்த பிறகு பக்தர்களுக்கு மலையேற அனுமதி கிடைக்கவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும், நனைந்த மண்ணில் கால் பார்த்து வைத்து ஏறினார்கள்.