180 மில்லியின் பூர்வீகம்

ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் வருமே, அதைத் தராசில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் 180 கிராமை ஒட்டி நிற்கும். கேக் செய்ய வாங்கும் அளவுக் கப்போ 240 மில்லி. குறிப்பில் ‘ஒரு கப் மைதா’ என்று படித்துவிட்டுக் குக்கர் கப்பால் அளந்தால் மாவு கால் பங்கு குறையும். முட்டையும் சோடா உப்பும் குறையாது. அதென்ன 180 என்று தேட ஆரம்பித்தேன்.

தேடல் ஜப்பானுக்குக் கொண்டுபோனது. 1955 டிசம்பரில் தோஷிபா தன் மின்சாரக் குக்கரை விற்பனைக்கு விட்டது. உருவாக்கியவர் மினாமி யோஷிதாடா. சோறு எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று வீட்டில் சமைத்துச் சமைத்து அளந்து குறித்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. அந்த முதல் குக்கரில் தண்ணீரின் அளவுதான் கடிகாரம். உள்பாத்திரத்தில் அரிசி, வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர். அது வற்ற ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும். உலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். குக்கரின் கதையைச் சொல்பவர்கள் ஃபூமிகோவின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கப்பின் அளவு குக்கரைவிட மிகப் பழையது. ஜப்பானியர் அரிசி அளந்த ‘கோ’தான் அது. பத்து கோ ஒரு ஷோ. 1669இல் எடோ அரசு ஷோ அளக்கும் மரப்பெட்டியை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கியது: நீளமும் அகலமும் 4.9 சுன், ஆழம் 2.7 சுன். ஒரு சுன் 3.03 செ.மீ. பெருக்கிப் பார்த்தேன், 1,803 கன செ.மீ. வந்தது. பத்தில் ஒரு பங்கு 180!

அதற்கு முந்தைய பெட்டி 5க்கு 5, ஆழம் 2.5. மூன்று அளவுகளையும் கூட்டினால் பழையதும் 12.5, புதியதும் 12.5. பெருக்கினால் புதியது 3.7 சதவீதம் அதிகம் கொள்ளும். வரியை அரிசியாக அளந்து வாங்கிய காலத்தில் இது சின்ன வித்தியாசமே அல்ல.

1948இல் காகவா ஆயா என்ற மருத்துவர் ஜப்பானியச் சமையலறைக்கு 200 மில்லி கப்பையும், 15, 5 மில்லி கரண்டிகளையும் வகுத்துக் கொடுத்தார். அரிசிக்கு மட்டும் கோ அப்படியே நிலைத்துவிட்டது. நம் ஆழாக்கு 168 மில்லி என்பது கணக்கு. கோவுக்கு வெகு பக்கம். ஆழாக்கால் அளந்து பழகிய கைக்குக் குக்கர் கப் புதிதாகத் தோன்றியிருக்காது.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களே, ‘ஒரு கப்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பக்கத்திலேயே எத்தனை மில்லி, எத்தனை கிராம் என்றும் போடுங்கள்.