திரும்பாத தண்ணீர்

பத்து ஆராங்கில் மண்ணைத் துளைக்கும்போது எந்திரத்தைவிடத் தண்ணீரைத்தான் கவனிக்கவேண்டும். துளைக்கம்பியின் நடுவே அழுத்தத்தோடு உள்ளே போகும் தண்ணீர், துகள்களை அள்ளிக்கொண்டு கம்பியின் வெளிப்பக்கமாக மேலே வரும். கறுத்து வந்தால் நிலக்கரியாக இருக்கலாம். வராமலேயே நின்றுவிட்டால், கீழே எதுவோ அதைக் குடிக்கிறது. பாறை வெடிப்பும் குடிக்கும்தான். ஆனால், கம்பி தன் எடையிலேயே சரசரவென ஒரு மீட்டர் இறங்கினால் அது வெடிப்பல்ல, யாரோ வெட்டிய வழி.

ஊரின் பெயரே மலாயில் நிலக்கரி என்றுதான் பொருள். மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1915இல் இங்கே வெட்டத் தொடங்கியது, 1960இல் மூடிவிட்டுப் போனது. ரயிலும் பங்சார் மின் நிலையமும் இந்தக் கரியில் ஓடின. 1937 வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதைகளுக்குள் ஊறிய தண்ணீரை யார் இறைத்தார்கள் என்பதை எங்கும் நான் படித்ததில்லை. பம்பு நின்ற நாளிலிருந்து தண்ணீர் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மேலே தோண்டிய பள்ளங்கள் இன்று ஏரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட ஆள் வருகிறது.

எனக்கு அங்கே வேலை, பெரிய வடிகால் ஒன்று கட்டுவதற்கு முன் அது போகும் வழியெல்லாம் துளை போட்டுப் பார்ப்பது. பாதி நேரம் மழையோடுதான் மல்லுக்கட்டு. மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டும். துளையிலிருந்து வந்த சேறு சாக்கடைக்குள் போகக்கூடாது என்பதால் வண்டல் குழி வெட்டி, மணல் மூட்டை அடுக்கியிருப்போம். தெருத்தண்ணீர் துளைக்குள்ளும் இறங்கக்கூடாது. அது பலருக்குப் புரிவதில்லை. பழைய சுரங்கத்தின் கூரையைத் தாங்குவது வெட்டாமல் விட்ட கரித்தூண்கள்தான். அவை ஊறி, காய்ந்து, மறுபடி ஊறினால் உதிரத் தொடங்கும். அடைக்காமல் விட்ட துளை, மழைக்கு நாமே போட்டுக்கொடுத்த குழாய்.

கையில் ஒரு பழைய வரைபடத்தின் நகல் இருந்தது. பழைய வரைபடங்களை நான் முழுசாக நம்புவதில்லை. 2002இல் அமெரிக்காவின் குவீகிரீக் சுரங்கத்தில், பக்கத்திலிருந்த கைவிட்ட சுரங்கத்தின் கடைசி வரைபடம் கைக்குக் கிடைக்காததால், அது இன்னும் தூரத்தில் இருக்கிறதென நினைத்து வெட்டி, அதற்குள் நின்ற வெள்ளத்தை உடைத்துவிட்டார்கள். ஒன்பது பேர் உள்ளே மாட்டினார்கள். மேலிருந்து துளை போட்டுத்தான் காற்று அனுப்பினார்கள், 77 மணி நேரம் கழித்து ஒன்பது பேரையும் உயிரோடு தூக்கினார்கள்.

எங்கள் ஏழாவது துளை ஒரு பாட்டி வீட்டு வேலிக்கு வெளியே. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"அங்க போடாத தம்பி. கீழ பொந்து."

"எப்படிப் பாட்டி தெரியும்?"

"எங்கப்பா உள்ள தண்ணி எறைச்சாரு. 'நீ வாசல் கூட்டும்போது நான் உனக்குக் கீழதான் நடந்து போறேன்'னு சொல்லுவாரு. நான் விளக்கமாத்த மெதுவா புடிப்பேன், மண்ணு அவரு தலையில கொட்டிருமோன்னு."

பதினோரு மீட்டரில் தண்ணீர் நின்றது. கம்பி தானாக இறங்கியது. எந்திரம் ஓட்டிய பங்களாதேஷ் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தேன்.

மாலையில் பாட்டி வேலியோரம் வந்து நின்றார். மகன் குடும்பத்துக்காகப் பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக்கட்ட மனு கொடுத்திருக்கிறாராம். "பொந்துன்னு எழுதிட்டா பெர்மிட் கெடைக்காதுல்ல?"

"கெடைக்காமப் போகலாம் பாட்டி."

"எழுதாம இருக்க முடியாதா?"

முடியாது. அந்த ரூமில் படுக்கப்போவது அவருடைய பேரப்பிள்ளைகள். அதைச் சொன்னேன். "அறுவது வருசமா நாங்க படுக்கலியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பொறியியல் பதில் இருந்தது. சொல்லவில்லை.

பதிவுத்தாளில் ஆழம், வெற்றிடம் எல்லாம் எழுதினேன். குறிப்புப் பகுதியில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: இவ்வழியே சுரங்கப்பாதை சென்றதாக முன்னாள் தொழிலாளி ஒருவரின் மகள் தெரிவித்தார். அறிக்கை அச்சாகி வந்தபோது அந்த வரி இல்லை. வாய்வழிச் செய்தி சேர்க்கக்கூடாதாம். வெற்றிடத்தை நாங்கள் கண்டுபிடித்ததாகவே எழுதியிருந்தார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் துளையை அடைக்கப் போனோம். வெற்றிடத்துக்கு மேலே அடைப்பு வைத்து, சிமெண்டுக் குழம்பை ஊற்றினோம். அடைப்பு நிற்காமல் நழுவி உள்ளே விழுந்தது. குழம்பும் பின்னாலேயே போனது. கொண்டுவந்த மூட்டைகள் தீர்ந்தன. லோரி மறுபடி ராவாங் போய் வரும்வரை துளையின் வாயில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினோம். வடக்கே வானம் கறுத்திருந்தது. பாட்டி வீட்டு வாசல் அன்று கூட்டப்படவில்லை.