கடுங்குளிரும் கைவினைஞரும்

ஒட்சிசன், நைதரசன், ஐதரசன் முதலான வாயுக்களை எவ்வளவு அமுக்கினும் குளிராக்கினும் திரவமாக்க இயலவில்லை என 1845ஆம் ஆண்டளவில் மைக்கேல் பரடே கண்டார். அவை நிரந்தர வாயுக்கள் எனப் பெயர் பெற்றன. அறிவியலிலே நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஆயுள் குறைவு. 1883இல் போலந்தியர் இருவர் கிராக்கோ நகரிலே திரவ ஒட்சிசனைக் குடுவையிற் கொதிக்கக் கண்டனர். 1898இல் இலண்டனில் யேம்ஸ் டியூவர் ஐதரசனையும் வென்றார். பூச்சியத்துக்குக் கீழ் 253 பாகை செல்சியசு வரை மனிதன் இறங்கிவிட்டான். எஞ்சி நின்றது ஈலியம் ஒன்றே.

டியூவர் சாமானியரல்லர். குளிர்ந்த திரவங்களைக் காப்பதற்கென 1892இல் அவர் அமைத்த இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவைதான், இன்று ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கோப்பி கொண்டு செல்லும் பிளாஸ்க். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. ஜேர்மனியர் தேர்மோஸ் என்ற பெயரில் அதனை விற்றுப் பொருளீட்டினர். ஆயினும் அவர் ஓரிரு உதவியாளருடன் தனித்து உழைத்தவர். பிறரை எளிதில் நம்பாதவர். ஈலியத்தை 1895இற் பூமியிலே கண்டறிந்த உவில்லியம் இராம்சேயோடு அவருக்குப் பகை. தூய ஈலியம் ஒருவரிடம், குளிராக்கும் கலை மற்றவரிடம். இருவரும் ஒரே நகரத்தில். பாத் நகர ஊற்றுகளின் வாயுவிலிருந்து டியூவர் தாமே திரட்டிய ஈலியத்திற் கலந்திருந்த நியொன் உறைந்து குழாய்களை அடைத்தது. அத்துடன் அவர் முயற்சி தளர்ந்தது.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1882இற் பௌதிகப் பேராசிரியரான ஹைக்கே கமர்லிங் ஒன்னெஸ் வேறு வகையினர். அவரது ஆய்வுகூடம் நின்ற நிலமே, 1807இல் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்துப் பாழாக்கிய நிலம். அங்கு அமுக்கிய வாயுக்கள் சேர்க்கப்படுவதறிந்து நகரத்தார் அஞ்சியதில் வியப்பில்லை. 1895 முதல் 1898 வரை வேலை தடைப்பட்டது. அவ்வேளை அவருக்காகப் பரிந்து கடிதம் எழுதியோருள் போட்டியாளரான டியூவரும் ஒருவர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

1901இல் ஒன்னெஸ் கருவி செய்வோரைப் பயிற்றும் பாடசாலையொன்றுக்கு அடிகோலினார். நீல மேலங்கி அணிந்த அவ்விளைஞர்கள் "நீலப் பையன்கள்" என அழைக்கப்பட்டனர். கண்ணாடி ஊதுதலும் உலோகம் கடைதலும் பல்கலைக்கழகத்துக்குப் புறம்பான தொழில்கள் என்ற எண்ணம் அங்கும் இருந்திருக்கும். இங்கு இன்னும் இருக்கிறது. கடுங்குளிரோ அவ்வெண்ணத்துக்கு இடங்கொடாத துறை. அமுக்கிய வாயுவை ஒடுங்கிய துளை வழியே விரியவிட்டால் அது பெரும்பாலும் குளிரும். ஈலியமோ அறை வெப்பநிலையில் அவ்வாறு விரியும்போது சூடாகும். ஆகவே அதனை முதலில் திரவ ஐதரசனாற் குளிராக்கல் வேண்டும், ஐதரசனுக்குத் திரவ வளி வேண்டும், வளிக்கு ஒட்சிசன், ஒட்சிசனுக்கு எதிலீன், எதிலீனுக்கு மெதயில் குளோரைட்டு. இப்படிக்கட்டில் ஒரு பம்பி கசியினும் அனைத்தும் வீண்.

ஈலியத்தை மொனசைற்று மணலிலிருந்து பிரித்தெடுத்தனர். வணிகத் தகவல் அலுவலகமொன்றிற் பணியாற்றிய சகோதரர் மூலம் ஒன்னெஸ் அம்மணலை அமெரிக்காவிலிருந்து வருவித்தார். (புல்மோட்டைக் கரை மணலிலும் இக்கனியம் சிறிதளவு உண்டு.) 1908 யூலை 10ஆம் நாள் காலை 5.45க்கு வேலை தொடங்கிற்று. மாலையில் திரவ ஐதரசனின் கடைசிப் போத்தலும் இணைக்கப்பட்டது. வெப்பமானி அசையாது நின்றது. குடுவையிலோ எதுவும் தெரியவில்லை. பார்க்க வந்த சக பேராசிரியர் ஒருவர் கூறியபடி கீழிருந்து ஒளி பாய்ச்சியபோதே திரவத்தின் மேற்பரப்புத் துலங்கிற்று. கிடைத்தது ஒரு தேநீர்க் கோப்பையும் நிரம்பாத 60 கன சென்ரிமீற்றர். அதன் கொதிநிலை தனிப்பூச்சியத்துக்கு மேல் ஏறத்தாழ நான்கு பாகை மாத்திரமே.

1911 ஏப்பிரில் 8ஆம் நாள் அக்குளிரிலே இரசத்தின் மின்தடை இல்லாதொழிந்தது. மீகடத்துதிறன் கண்டறியப்பட்டது. மின்தடையை அளந்தவர் கில்லெஸ் ஹொல்ஸ்ற். குளிராக்கும் பொறிகளைக் காத்தவர் தலைமைக் கைவினைஞர் கெரிற் பிளிம். கட்டுரையை எழுதியவராக ஒன்னெஸின் பெயர் மாத்திரமே அச்சாயிற்று. 1913இல் நோபெல் பரிசும் அவருக்கே. கைவினைஞரை உருவாக்கிய அதே மனிதர் பெயரைப் பகிர்ந்தாரில்லை. அக்கால வழக்கம் அது எனச் சமாதானம் கூறலாம். வழக்கத்தையே மாற்றிப் பாடசாலை அமைத்தவரிடம் அச்சமாதானம் சற்றுப் பலவீனமாகவே ஒலிக்கிறது.

கம்பிச்சுருளை மீகடத்தியாக்கி வலிய காந்தம் செய்யலாம் என அவர் கண்ட கனவு அவர் காலத்திற் பலிக்கவில்லை; சிறு காந்தப்புலமே அப்பண்பை அழித்தது. அதனைத் தாங்கும் நையோபியக் கலப்புலோகங்கள் 1960களிலேயே பயனுக்கு வந்தன. இன்று ஆஸ்பத்திரிகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் காந்தப் பொறிகளுட் பெரும்பாலானவை திரவ ஈலியத்தாற் குளிராக்கப்படுபவை. திரவ ஒட்சிசனின் அருமையை 2021இல் இந்திய ஆஸ்பத்திரிகளின் வாசலிற் காத்து நின்றோர் அறிவர். பசுவைச் சினைப்படுத்தக் காளை விந்து வருவது, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையிலுள்ள திரவ நைதரசனில். அதனைச் சுமக்கும் கலனோ டியூவரின் குடுவைக்கு நேர் வாரிசு.

லெய்டனின் கருவிசெய்வோர் பாடசாலை இன்றும் இயங்குகிறது. உலோகம் கடையவும் கண்ணாடி உருக்கவும் அங்கு இளைஞர் கற்கின்றனர்.