ஒரு கருவியும் மூன்று கணினிகளும்

நூலாராய்ச்சி செய்வார்க்கு இன்றியமையாதன இரண்டு: ஒன்று நுண்ணறிவு, மற்றொன்று பொறுமை. முன்னையது பிறவியோடு வருவது. பின்னையது முயன்று ஈட்டற்பாலது. நூலொன்றிற் பயிலும் சொற்களை ஒன்றுவிடாது தொகுத்து, ஒவ்வொன்றும் எத்துணை முறை வந்துளது, எவ்வெவ்விடத்து வந்துளது என வரையறுத்து, அகரநிரலாக அடுக்கிச் சொல்லடைவு செய்யும் பணியைப்போலப் பொறுமையைச் சோதிப்பது பிறிதில்லை. முன்னையோர் சிறு தாள் நறுக்குகளிற் சொற்களை எழுதிக் கட்டிவைத்து, ஆண்டுக்கணக்காக இப்பணியை ஆற்றினர். இக்காலத்துக் கணினி அதனை நொடிப்பொழுதில் முடித்துத் தரும் என்பர். அது மெய்யே. ஆயின், அக்கணினியை அவ்வேலைக்கு ஆயத்தஞ் செய்தற்கு வேண்டும் பொறுமை எத்துணைத்து என்பதை எவரும் கூறக் கேட்டிலேம். அதனை ஒருசிறிது கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் இயற்றி 1879 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழில் முதலில் தோன்றிய புதினம் எனப் போற்றப்படுவது. அதற்கு ஒரு சொல்லடைவு செய்வோமென்று எம் வகுப்பினர் மூவர் துணிந்தோம். எண்ணுதற்கும் நிரற்படுத்தற்கும் ‘ஆர்’ என்னும் ஆய்வு மென்பொருளைத் தேர்ந்துகொண்டோம். இதன் வரலாறு அறியத்தக்கது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் முதலானோர் 1976 ஆம் ஆண்டிற் றொடங்கிய ‘எஸ்’ என்னும் கணிப்பு மொழி இதற்கு மூதாதை. அதனைப் பின்பற்றி, நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியலாசிரியராகிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் ‘ஆர்’ மொழியை ஆக்கினர். 1995 ஆம் ஆண்டில் அதனைப் பொதுவுரிமத்தின்கீழ் உலகிற்கு வழங்கினர். யாவரும் அதனை விலையின்றிப் பெறலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 2000 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் அதன் 1.0.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. பொருள்கொடுத்துக் கருவி வாங்க இயலாத எம்போலும் மாணாக்கர்க்கு இஃது ஓர் அறச்சாலை என்றே கூறல் வேண்டும்.

நிற்க. கருவி ஒன்றாயினும் எம்மிடமிருந்த கணினிகள் மூவகைப்பட்டன. மென்பொருள் இயந்திரத்தோடு நேரே உரையாடுவதன்று. இடையே இயங்குதளம் என்பதொன்று நின்று, நினைவிடத்தைப் பங்கிட்டும், கோப்புகளைக் காத்தும், விசைப்பலகையையும் திரையையும் ஆண்டும் வருகின்றது. தளத்திற்குத் தளம் அவ்வாட்சிமுறை வேறு. ஆதலின், ஒரே மூலநிரலாயினும் ஒவ்வொரு தளத்திற்கும் ஏற்றவாறு தனித்தனியே ஆக்கப்பெறுதல் வேண்டும். ஒரே ஊர்க்குப் போகும் மூவருள் ஒருவர் இருப்புப்பாதையிலும், ஒருவர் ஓடத்திலும், ஒருவர் ஒற்றையடிப்பாதையிலும் செல்வதனை ஒத்தது எம் மூவர் நிலை.

எம் தோழியார் ஒருவரிடம் இருந்தது அவர்தம் தமையனாரின் மேக் கணினி. 2020 ஆம் ஆண்டு தொடங்கி அவ்வகைக் கணினிகளிற் செயலியின் இனமே மாறிவிட்டது. பழையவற்றில் இன்டெல் செயலி. புதியவற்றில் ஆப்பிள் நிறுவனம் தானே வகுத்த செயலி. புதிய இனத்திற்கென ஆக்கப்பெற்ற ‘ஆர்’ 2021 ஆம் ஆண்டில் 4.1.0 பதிப்போடு வந்தது. ஆதலின் நிறுவுமுன், தம் கணினி எவ்வினத்தது எனத் தெரிந்து அதற்குரிய கோப்பினை எடுத்தல் வேண்டும். இன்டெலுக்கு உரியது புதியதில் ஒரு மொழிபெயர்ப்பியின் துணையால் இயங்கும். புதியதற்கு உரியது பழையதில் இயங்கவே இயங்காது. தோழியார் இதனை முன்னரே கேட்டறிந்து வந்தமையின், அவர் வேலை தேநீர் ஆறுமுன் முடிந்தது.

எம்மிடத்திருந்தது உபுண்டு லினக்ஸ் 22.04 பதிப்பு. ஒரே வரியிற் கட்டளையிட, ‘ஆர்’ தானே வந்து அமர்ந்தது. ஆயின், அமர்ந்தது 4.1.2 ஆம் பதிப்பு. லினக்ஸ் வெளியீட்டார் தம் பண்டசாலையில் ஒரு காலத்து வைத்த பதிப்பையே அவ்வெளியீடு முடியுந்துணையும் பெரும்பாலும் மாற்றாது காப்பர். நிலைபேறு கருதிய வழக்கம் அது. புதியது வேண்டுவோர் ‘ஆர்’ குழுவினரின் பண்டசாலையை முகவரியோடு சேர்த்துக்கொண்டு, அதன் கையொப்பத் திறவையும் பதிந்துகொள்ளல் வேண்டும். இடையே எவரும் பொருளை மாற்றிவிட்டிலர் என்பதற்கு அக்கையொப்பமே சான்று.

அதன்பின் துணைப்பொதிகள். விண்டோஸுக்கும் மேக்குக்கும் இவை ஆக்கப்பெற்ற நிலையிலேயே கிடைக்கும். லினக்ஸிலோ பெரும்பாலன மூலநிரலாய் வந்து, நம் கணினியிலேயே ஆக்கப்பெறும். சமைத்த சோறு தாராது அரிசியை அளந்து தருவதுபோல. நூல் இணையப்பக்க வடிவில் இருந்தமையின், அதனைப் படித்தற்குரிய ‘எக்ஸ்எம்எல்2’ பொதியை வேண்டினோம். திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. ஈற்றில் இயலாதென்னும் முடிவு வந்தது. இவ்விடத்துத்தான் பலர் கைவிட்டு எழுவர். அச்செய்தியை முதலிலிருந்து ஈறுவரை படித்தோம். இல்லாதது இன்ன நூலகம், டெபியன் உபுண்டு வகையினர் அதனை இன்ன பெயரால் நிறுவுக, பிறர் இன்ன பெயரால் நிறுவுக என அச்செய்தியிலேயே விடை எழுதப்பட்டிருந்தது. அவ்வாறே செய்ய, பொதி அமைந்தது. கடுமொழிபோற் றோன்றும் பிழைச்செய்தி நல்லுரையாசிரியன் வாக்குப்போற் பயன்படுதலும் உண்டு. முழுதும் படிப்பாரே அப்பயனைக் கொள்வர்.

மூன்றாமவர் நிலையே எம்மை வருத்தியது. அவர் சிற்றூரினர், தமக்கையார் வழிவந்த பழைய மடிக்கணினி ஒன்றுடையர், அதில் இருந்தது 32 பிட் விண்டோஸ். அதற்கியைந்த பழைய ‘ஆர்’ பதிப்பினை நிறுவி, தமிழ் என்னுஞ் சொல்லை உள்ளிட்டு வெளியிடச் செய்தார். எழுத்துக்குப் பதிலாகக் கோணக் குறிகளுக்குள் அடைபட்ட எண்கள் வரிசையாக வந்து நின்றன. காரணம் இது: விண்டோஸில் ‘ஆர்’ நெடுங்காலம் அத்தளத்தின் பழைய எழுத்துப்பட்டியல்களைச் சார்ந்தே இயங்கிற்று, தமிழுக்கு அவற்றுள் இடமில்லை. உலக மொழிகளனைத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையினை விண்டோஸிலும் இயல்பாகக் கொண்டது 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பேயாம். அதனையே நிறுவலாமெனின், அப்பதிப்பிலேயே 32 பிட் விண்டோஸுக்கு ஆக்கித் தருதல் நின்றுபோயிற்று. எவ்வாயிலில் தமிழ் நுழைந்ததோ, அவ்வாயிலில் எம் நண்பர் கணினி நுழைய இயலாதாயிற்று! இதனை எவர்மேலுங் குற்றமாகக் கூறுகின்றிலேம். ஊதியமின்றி உழைப்பார் பலர் தாங்கும் பணியில், அருகிவரும் கருவிகளுக்கெல்லாம் என்றும் உழைத்தல் எளிதன்று.

நண்பர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், “நீங்கள் இருவரும் எண்ணுங்கள், நான் பிழை பார்த்துத் தருகிறேன்” என்றார். இலக்கணத்தில் எம் மூவருள்ளும் வல்லவர் அவரே. எது சொல், எது சொல்லுருபு, எங்கே பிரித்தல் தகும் என்பன அவரைக் கேட்டே யாம் துணிவது வழக்கம். கற்றவர் புறத்தே நிற்கக் கணினியுடையார் மட்டும் நடத்துவது ஆராய்ச்சியாமோ? அவரை விடுத்து இப்பணி செய்வதில்லை என இருவரும் ஒருப்பட்டோம்.

தமக்கையாரிடம் சொல்லி இசைவு பெற்று, அவர்தம் சான்றிதழ்களையும் படங்களையும் வேறிடத்துப் படியெடுத்து வைத்தபின், அக்கணினியில் 2023 ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 12 என்னும் லினக்ஸினை ஒரு சிறு நினைவுக்கோலிலிருந்து நிறுவினோம். 32 பிட் கணினிகளையும் அவ்வெளியீடு ஏற்பது. அதன் பண்டசாலையில் ‘ஆர்’ 4.2.2 பதிப்பு இருந்தது. எழுத்தாய்வுக்குரிய ‘ஸ்ட்ரிங்கை’ பொதியும் ஆக்கப்பெற்ற நிலையிலேயே கிடைத்தமையின், அச்சிறு கணினி மூலநிரலோடு மல்லாட வேண்டாதாயிற்று. இரவு பத்து மணியளவில் ‘தமிழ்’ என்னுஞ் சொல் அத்திரையில் மூன்றெழுத்தாய்த் தோன்றியது. நண்பர் ஒன்றும் கூறினாரல்லர். அதனையே இருமுறை மீண்டும் வெளியிடச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் எண்ணத் தொடங்கினோம். அச்சொல்லின் நீளம் யாது என வினவ, கேட்ட முறைக்கேற்ப 15 என்றும், 5 என்றும், 3 என்றும் விடை வந்தது. மூன்றும் மெய்யே. 1991 முதல் வழங்கும் யூனிகோடு முறையில் ‘த’, ‘ம’, இகரக்குறி, ‘ழ’, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ள, ஆவன பதினைந்து. இலக்கணத்தார் எண்ணும் எழுத்தோ மூன்று. தமிழாராய்ச்சிக்கு வேண்டுவது மூன்றாவதே. அதனைக் கேட்டுப் பெறும் முறை ஸ்ட்ரிங்கையில் உண்டு.

அடுத்து அகரநிரல். ஒரே கோப்பினை மூன்று கணினியிலும் நிரற்படுத்தியபொழுது, ஒன்றில் மட்டும் ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னும் நின்றன. இதனை முதலிற் கண்டவர் நண்பரே. “றகர னகரங்கள் மெய்களின் ஈற்றில் நிற்பன, இஃது எவ்வாறு முந்தும்?” என்றார். அவ்விடத்து மொழியமைப்பு பொதுநிலையில் இருந்தமையின், கணினி குறியீட்டெண் வரிசையையே பற்றிக்கொண்டது. யூனிகோட்டில் னகரத்தின் எண் 2985. ரகரத்தின் எண் 2992. லகர, ளகர, ழகரங்கள் 2994, 2995, 2996 என அடுத்தடுத்து நிற்பதனால், ‘வலி, வழி, வளி’ என நிற்கவேண்டியன ‘வலி, வளி, வழி’ என நின்றன. தமிழ் நெறிப்படி நிரற்படுத்துக என மூன்றிடத்தும் ஒரே வகையாக ஆணையிட்டபின் மூன்று பட்டியலும் ஒத்தன. இப்பிறழ்ச்சியைக் கணினி அறிவித்ததன்று; இலக்கணம் கற்ற கண் ஒன்று கண்டது. அவர் அன்று புறத்தே நின்றிருப்பின், பிழைபட்ட அடைவொன்று எம் பெயரால் வெளிவந்திருக்கும்.

இதனால் யாம் கொண்ட தெளிவு ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையரவர்கள் 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தகாலை, ஏட்டுப்பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினார்கள். ஏடு வேறுபடின் பாடமும் வேறுபடும் என்பதனை நாம் அறிவோம். அங்ஙனமே கருவியின் பதிப்பு வேறுபடினும், தளம் வேறுபடினும், மொழியமைப்பு வேறுபடினும், கணித்த முடிபும் வேறுபடல் கூடும். ஆதலின், எண்ணிக்கை காட்டுவார் எக்கருவியால் எண்ணினார் என்பதனையுங் காட்டுதல் கடன். பதிப்பெண், இயங்குதளம், மொழியமைப்பு, துணைப்பொதிகள் இவையனைத்தையும் ஒருங்கே எடுத்துரைக்கும் கட்டளை ஒன்று ‘ஆர்’ மொழியிலேயே உளது. அதன் விடையை எம் அடைவின் இறுதியில் மூன்று கணினிக்கும் தனித்தனியே சேர்த்துளோம்.

அன்புள்ள இளைய மாணாக்கர்களே, அடுத்த ஆண்டு இத்தகைய பணியை மேற்கொள்வீராயின் மூன்று செய்க: உம் கணினியின் இனத்தையும் பிட்டளவையும் முதலில் அறிக, பிழைச்செய்தியை இறுதிவரை படிக்க, நிறுவிய முறையை வரிவரியாக எழுதி வைக்க. யாம் எழுதிய குறிப்பேடு தமிழ்த்துறை நூலகத்தில் உளது. பழைய கணினி உடையார் எவரேனும் உம்முள் இருப்பின், அதன் நான்காம் பக்கத்தை முதலில் அவர் கையிற் கொடுங்கள்.