வேதத்தைக் கழித்த பிறகு

18,72,314. விசுவாவசு வருடப் பிறப்பன்று, 2025 ஏப்ரல் 14ஆம் திகதி விடியும்போது, கலியுகத்தில் கழிந்திருந்த நாட்கள் இவ்வளவு. வாக்கிய முறையில் சந்திரனைக் கணிக்க உட்காருபவருக்கு முதல் வேலை இந்த எண்ணைப் பிடிப்பது. அடுத்த வேலை அதைக் கரைப்பது.

எனக்குப் பழக்கிய ஐயா சோகிகளைத் தரையில் பரப்பிக் கணிப்பார். நான் கொப்பியில். "தம்பி, வேதத்தைக் கழிச்சாச்சோ?" என்பார். வேதம் என்பது 16,00,984. கழித்தால் 2,71,330. அதிலிருந்து ரசகேரிகை 12,372ஐ 21 தரமும், காலானலம் 3,031ஐ 3 தரமும், தேவேந்திரம் 248ஐ 9 தரமும் எடுத்தால் மிச்சம் 193. சந்திர வாக்கியங்கள் 248இல் இது எத்தனையாவது என்று தெரிந்தாயிற்று. பிறகு கழித்த எண்களுக்கு உரிய சந்திர நிலைகளை, அதாவது துருவங்களை, கூட்டவேண்டும்.

பெயர்களே எண்கள். தே 8, வே 4, ர 2. பின்னிருந்து வாசித்தால் 248. ரசகேரிகையில்தான் நான் இடறினேன். 'கே' 3, 'கை' 1. வடமொழியில் வேறு வேறு எழுத்துகள். தமிழில் இரண்டும் ஒரே ககரம். காதால் கேட்டுப் படிக்காதவன் 12,172 என்று எழுதிவிடுவான். நானும் எழுதினேன்.

சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான உச்சத்துக்கு ஒன்பது தரம் திரும்பிவர ஏறக்குறைய 248 நாள். 3,031இல் 110 தரம், 12,372இல் 449 தரம். 3,031ஐ நான்கால் பெருக்கி 248ஐக் கூட்டிப் பாருங்கள், 12,372 வரும். எஞ்சிய 193 நாளோ ஏழு சுற்றுக்குச் சற்றே கூட. அப்படியென்றால் அந்த விடியலில் சந்திரன் உச்சத்தை இப்போதுதான் தாண்டியிருக்கவேண்டும். வானத்திலும் அப்படித்தான் நின்றது.

எல்லாம் இப்படிப் பொருந்தாது. ஒன்பது சுற்று 248 நாளைவிடப் பதின்மூன்று நிமிடமளவு குறைவு. 1829 மார்ச் சந்திர கிரகணத்தில் நம்மவர் கணிப்பைவிட வட்டுக்கோட்டை செமினரி மிஷனரிமாரின் கணிப்பே வானத்துக்குக் கிட்ட நின்றது. வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓயவில்லை. கிரகணத்துக்கு நான் திருக்கணிதத்தையே நம்புவேன். ஐயா முன் சொன்னதில்லை.

வேதத்தை ஒருநாள் சும்மா பகுத்துப் பார்த்தேன்: 2×2×2×7×11×23×113. ஏழு இருக்கிறது! கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. வேதம் நிறைந்த 1282 மே 22உம் வெள்ளி. முன்னோர் வேண்டுமென்றே தெரிந்தெடுத்தார்களா? நான் நினைக்கவில்லை, சந்திரனுக்குக் கிழமை தெரியாது. ஆனால் நமக்கு அது வசதி. வேதத்தைக் கழித்தும் கிழமை குழம்பாது. 2,71,330ஐ ஏழால் வகுத்தால் மிச்சம் 3; வெள்ளியிலிருந்து மூன்றாம் நாள் திங்கள். கலண்டரும் திங்கள் என்றால்தான் ரசகேரிகையைத் தொடலாம். அதற்குள் கைவைத்துவிட்டால் இந்தச் சோதனையை எப்போதும் நம்பமுடியாது.

இதைச் சொன்னபோது ஐயா சிரித்தார். அவர் விரல் மடித்துக் கிழமை பார்த்தது அந்த இடத்தில்தானாம். ஒருநாள் எனக்குச் செவ்வாய் வந்தது. ஒன்றும் பேசாமல் சோகிகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனார்.