கேரவன்ல வர்றீங்களா? எங்க ஊர் தண்ணிக் கணக்கையும் கொஞ்சம் கேட்டுக்கங்க

உளுந்து விதைப்பு, மழைன்னு வேலை ஓடியதால் ஒரு மாசமா எழுத முடியவில்லை. நடுவில் சென்னையிலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "கேரவன் வாடகைக்கு எடுத்துக்கிட்டு வேதாரண்யம் பக்கம் வரலாம்னு இருக்கோம். என்ன பாக்கலாம், வண்டிய எங்க நிறுத்தலாம்?" அதற்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

கேரவன்னா எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னமும் சினிமாக்காரங்க மேக்கப் போடுற வண்டிதான். கேரளாவில் 2021லேயே அரசாங்கம் இதற்கென்று ஒரு சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. நம்ம பக்கம் இப்போதான் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணித் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். போன தை மாசம் முதல் வண்டி எங்க மாந்தோப்புக்குள் வந்து நின்றபோது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "யாருடா தம்பி நடிக்கிறாங்க?"ன்னு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலில் எப்போது வரலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தை, மாசிதான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அது எங்களுக்கு மழைக்காலம், புயல் காலம். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை இந்தக் கரையில்தான் ஏறியது. எங்க தோப்பில் இருந்த தென்னையில் பாதிக்கு மேல் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. இப்போது வண்டி நிறுத்தும் வெட்டவெளி அப்படிக் கிடைத்த இடம்தான்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வரலாம். வழியில் தரங்கம்பாடியில் இறங்குங்கள். 1620ல் டென்மார்க்காரர்கள், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் அதே ரோட்டில்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டையே கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன அவசரம்? ஒரு இடத்தில் மூன்று ராத்திரி நில்லுங்கள்.

வேதாரண்யத்தில் நின்றால், முதல் நாள் விடிவதற்கு முன் எழுந்து கோடியக்கரைக்குப் போங்கள். வங்காள விரிகுடாவைப் பார்த்து வரும் கரை இங்கேதான் மடங்கி மேற்கே திரும்புகிறது. அந்தப் பக்கம் இருப்பது பாக் நீரிணை. 1967லிருந்து சரணாலயம். அனுமதி வாங்கித்தான் உள்ளே போகணும். சொந்தமாக வண்டியை விட்டு ராத்தங்கல் எல்லாம் காட்டுக்குள் கிடையாது. புல்வெளியில் வெளிமான் மேயும். முறுக்கிய கொம்போடு கறுப்பாக இருப்பது கிடா; பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் நிற்பது பெட்டை. வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்கிவிடும். மட்டக்குதிரைகளும் கூட்டமாகத் திரியும். அவை எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள்.

சதுப்பில் தண்ணி இருக்கும் மாதங்களில் பூநாரைகள் வரும். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணியை அரித்துத் தின்னும். கிட்டே போய்ப் படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒன்று எழுந்தால் கூட்டமே எழுந்துவிடும். பல ஆயிரம் மைல் பறந்து இளைப்பாற வந்த பறவைகளும் அந்தச் சதுப்பில் இருக்கின்றன.

அங்கேயே மீன்பிடிக் கரையையும் பாருங்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். யோசித்துப் பார்த்தால் கேரவன் வாழ்க்கைக்கு அவர்கள்தான் மூத்தவர்கள். நண்டோ காலாவோ கரையிலேயே வாங்கி, வண்டி அடுப்பில் குழம்பு வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள். தை, மாசியில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ராத்திரியில் கடலோரம் நின்றால் வண்டி விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் அவற்றுக்குத் திசையைக் குழப்பிவிடும்.

இரண்டாம் நாள் அகஸ்தியம்பள்ளி உப்பளம். சூரியன் ஏறுவதற்குள் வேலை முடியணும் என்பதால் ஆட்கள் இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். கடல் தண்ணியைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றிச் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பை வாரி ஒதுக்குவார்கள். வரப்பில் வண்டியை ஏற்றாதீர்கள், பொதபொதவென்று உள்ளே போய்விடும். நடந்தே போங்கள்.

இந்த உப்புக்கு ஒரு கதை இருக்கிறது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்து, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார். 30ஆம் தேதி உப்பள்ளிக் கைதானார். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை ரோட்டோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் மரம்தான் கொடுத்தது! இந்த நினைப்போடு அந்த நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிசம் நின்று பாருங்கள்.

சாயந்திரம் வேதாரண்யேஸ்வரர் கோயில். "வேதாரண்யம் விளக்கழகு" என்று சொலவடையே உண்டு. அணையப்போன விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி, மறுபிறவியில் மகாபலியாகப் பிறந்ததாக இந்தக் கோயில் கதை.

மூன்றாம் நாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. படகில் ஆற்று வழியாகப் போய்க் கடற்கழியில் இறங்கலாம். முன்கூட்டியே வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி மேல்நோக்கி நிற்பவை அந்த மரங்களின் மூச்சு விடும் வேர்கள். உப்புத் தண்ணியில் நின்றே வாழும் மரம் அது. எங்க மாமரத்துக்கு அந்த வித்தை தெரியாது. நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த தை மாசக் குடும்பத்தில் ஒரு பையன், ஒன்பது வயசு இருக்கும். வண்டிக்குள் தண்ணித் தொட்டியின் அளவைக் காட்டும் முள்ளைப் பார்ப்பதுதான் அவன் வேலை. "அம்மா, பாதிதான் இருக்கு! அப்பா ஷேவிங்குக்கே நிறைய செலவு பண்றாரு!" என்று கத்துவான். முதல் நாள் சாயந்திரமே அவன் அம்மா வந்து, "அண்ணே, தண்ணி ரொப்பிக்கலாமா?" என்று கேட்டாங்க.

"குடிக்க, சமைக்க எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கம்மா. குளிக்கத்தான் குளம் இருக்கே, படிக்கட்டெல்லாம் நல்லா இருக்கும்" என்றார் எங்க அம்மா.

பையன் என்னிடம் வந்தான். "அங்கிள், உங்க டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

கேணிக்குக் கூட்டிப்போனேன். எங்க கேணி ஆழமெல்லாம் கிடையாது, பன்னிரண்டு அடிதான். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கட்டித் தொங்குது. எத்தனை முடிச்சு நனையுதோ அதுதான் எங்க முள். எங்க அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் பார்க்கிறோம். அவனே கயிற்றை விட்டு, இழுத்து, எண்ணினான். "அஞ்சு முடிச்சு. இதுக்குக் கீழ?"

"கீழ கடலு தம்பி."

அவன் நம்பவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன். எங்க ஊர் மணல் மேடு. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணியின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணி கனம் குறைச்சல், அதனால் மேலே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணி இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், கீழே உப்பு கொஞ்சம் கொஞ்சமாக 40 அடி ஏறப் பார்க்கும். எங்க பெரியவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் மேலாகத் தோண்டி, குடத்தில் மொண்டுதான் புகையிலைக்கும் கடலைக்கும் ஊற்றினார்கள். மேலே வழித்து எடுத்தால் இனிக்கும், ஆழமாக உறிஞ்சினால் கரிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

கிழக்கே நாலு கொல்லை தள்ளி ஒருத்தர் ஆழமாக போர் போட்டார். இரண்டு கோடை ஓடியது. மூன்றாவது கோடையில் மா இலையெல்லாம் ஓரம் கருகி வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும், தண்ணியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

சித்திரையில் ஒரு பார்ட்டி எங்க தோப்பைப் பத்து வருச குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். இருபது கேரவன் நிறுத்தலாம், புல்தரை போடலாம், நடுவில் ஒரு நீச்சல் குளம். "கடல்கிட்டயே இருந்தாலும் ஜனங்க குளத்துலதான் சார் குளிப்பாங்க" என்றார் வந்தவர். தண்ணிக்கு நூறடி போர். சொன்ன தொகை, கஜாவுக்குப் பிறகு தோப்பு கொடுத்ததைவிட அதிகம். என் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அவன் மகளுக்கு இந்த வருசம் காலேஜ். அவன் கேட்பதில் தப்பே இல்லை.

"அண்ணே, மாங்காய் நம்மள இன்னும் எத்தன வருசம் காப்பாத்தும்?"

"தண்ணி இருக்கிற வரைக்கும்டா."

"அது எத்தன வருசம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நூறடி போர் விழுந்தால் பதில் சீக்கிரம் தெரிந்துவிடும். அது எங்க தோப்போடும் நிற்காது. மணலுக்கடியில் வேலி கிடையாது. பக்கத்துக் கொல்லை முல்லைச் செடியும், பெரியம்மா வீட்டுக் கேணியும் இதே தண்ணியில்தான் இருக்கின்றன. வந்தவர்களிடம் இந்த வருசம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். தம்பி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "சரி, நாமளே ரெண்டு வண்டி மட்டும் நிறுத்துவோம். வர்ற காசு பாப்பா பீசுக்கு" என்றான். அப்படித்தான் இப்போது நடக்கிறது. அவன் கணக்கு நோட்டு தனியாக வைத்திருக்கிறான். போதுமா என்றால், போதாது. அடுத்த சித்திரையில் திரும்பப் பேச்சு வரும்.

ஆக, வருகிறவர்களுக்கு என் பக்கத்து விதிகள் இவ்வளவுதான். ஒரே சமயத்தில் இரண்டு வண்டி. தொட்டியை வரும்போது டவுனில் ரொப்பிக்கொண்டு வாங்க. குடிக்க, சமைக்க எங்க கேணித் தண்ணி இருக்கு. வண்டி கழுவக் கூடாது. கழிவறைத் தொட்டியை மணலில் திறந்து விடவே கூடாது, ஆறு ஏழு அடியிலேயே தண்ணி. கேணியை விட்டுத் தள்ளி வீட்டில் கழிவறை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சக்கரம் மணலில் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், குழிதான் பெரிசாகும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையைப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டிராக்டர் இருக்கிறது, டீசல் காசு உங்களுடையது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. கேணிக் கயிற்றை அவர்களே விட்டுப் பார்க்கலாம். நேற்று பார்த்தேன், நாலரை முடிச்சு. மாசிக்குள் கடலை பிடுங்க ஆள் வேண்டியிருக்கும். கைகொடுக்கிறவர்களுக்கு அவித்த கடலை இலவசம்.