இரண்டாவது ரயில்

விழுந்து எழுவதை நகைச்சுவையின் கடைசிப் படியில் வைப்பது இலக்கியம் கற்றவர்களின் வழக்கம். சொல்லில் பிறக்கும் அங்கதத்துக்குத் தரும் மதிப்பை உடலில் பிறக்கும் சிரிப்புக்கு நாம் தருவதில்லை. இவ்வகைக்கு ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர் தந்தது பழைய மேடைக் கருவி ஒன்று. இரு மரப்பட்டைகளை இணைத்துச் செய்தது. அடித்தால் ஓசை பெரிது, வலி சிறிது. மௌனப்படம் அந்த ஓசையையும் பறித்துக்கொண்டது. எஞ்சியது உடல் மட்டுமே.

அந்த உடலை முழுமையாக அறிந்தவர் பஸ்டர் கீட்டன். 1895இல் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோருடன் மேடையேறினார். தந்தை அவரைத் தூக்கி எறிவதே அந்நிகழ்ச்சியின் வேடிக்கை. எறியப்பட்டவன் தானே சிரித்துவிட்டால் அவை அவ்வளவாகச் சிரிப்பதில்லை என்பதை அங்கேதான் கற்றார். சலனமற்ற அந்த முகம் அப்படி வந்தது.

1920இல் வெளியான ‘ஒன் வீக்’ இரண்டு ரீல் படம். புதுமணத் தம்பதிக்குப் பெட்டிகளில் அடைத்த வீடு பரிசாக வருகிறது. எண்களின்படி பூட்டினால் வீடு. அப்பெண்ணை விரும்பித் தோற்ற ஒருவன் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். எழும்பும் வீடு கோணல். புயலில் ராட்டினமாய்ச் சுழல்கிறது. பிறகுதான் தெரிகிறது, கட்டிய மனையே தவறு. இழுத்துச் செல்கையில் தண்டவாளத்தில் சிக்குகிறது. ரயில் வருகிறது, பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. மூச்சு விடுவதற்குள் மறுதிசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை நொறுக்குகிறது. பொம்மை வீடன்று, முழு அளவில் கட்டிய வீடு, உண்மையான ரயில்.

ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய வீட்டைக் கடனுக்காக விற்றுவிட்டிருந்த என் அப்பாவுடன் இதை ஒருமுறை பார்த்தேன். நடுவில் நிறுத்திவிடலாமா என்றுகூடத் தயங்கினேன். முதல் ரயில் கடந்தபோது அவர் பெருமூச்சு விட்டார். இரண்டாவது ரயிலுக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சரியாத்தான் எடுத்திருக்கான்” என்றார். விற்ற நாளுக்குப் பிறகு வீட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நகை பிறக்கும் களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பியம் வைக்கிறது. அப்பாவின் சிரிப்பை அவ்விரண்டிலும் என்னால் அடக்க முடியவில்லை. கீட்டனின் நாயகன் பேதையல்லன். கையில் தரப்பட்ட எண்களை நம்பி உழைத்தவன். உழைப்பில் குறையில்லாமலும் வீடு போகலாம் என்பதை அறிந்த இன்னொருவனைச் சந்தித்த ஆறுதல் அச்சிரிப்பு.

படத்தின் முடிவில் இடிபாட்டின் மேல் ‘விற்பனைக்கு’ என்ற பலகையைச் சாத்துகிறான் அவன். வீடு கட்டும் செய்முறைத் தாளையும் மறக்காமல் அதனுடன் வைக்கிறான். பிறகு மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு நடந்து போகிறான்.